மோட்டாரின் சுருதி

பாட்டு ஆரம்பித்துப் பதினோரு நொடியில் அந்தப் பையன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

நான் போட்டுக் காட்டியது எனக்கு ரொம்பப் பெருமையான வேலை. டிரம் அடி விழும்போதெல்லாம் மூலையில் நிற்கும் பபிள் டியூப் என்ற குமிழிக் குழாய் சிவப்பில் பளிச்சென்று எரியும். பாடகியின் குரல் மேலே ஏறினால் கூரையிலிருந்து தொங்கும் ஃபைபர் இழைகள் நீலத்திலிருந்து வெள்ளைக்குப் போகும். சிம்பல் ஒலித்தால் சுவரெல்லாம் நட்சத்திரம் சிதறும். இருபது வருடமாக மேடை நிகழ்ச்சிகளுக்கு லைட் போடுகிறவன் நான். அந்தச் சென்சரி ரூமில் இருந்த சாமான்களை வைத்து இதைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு ராத்திரி போதுமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லப் பையனுக்குப் பதினோரு நொடி போதுமாக இருந்தது.

தெரபிஸ்ட் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் எல்லாவற்றையும் அணைத்தார். கும்மிருட்டு. பபிள் டியூபுக்குக் காற்று தள்ளும் மோட்டார் மட்டும் வேறு பிளக்கில் இருந்ததால் ஓடிக்கொண்டே இருந்தது. தாழ்வாக, இடைவிடாமல் ஒரு 'ம்ம்ம்'. இரண்டு நிமிடம் இருக்கும். சுவர்ப் பக்கமிருந்து இன்னொரு 'ம்ம்ம்' கேட்டது. பையன் மோட்டாரோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு அந்த மோட்டாரைத்தான் சார் பிடிக்கும். லைட்டெல்லாம் அப்புறம்தான்," என்றார் தெரபிஸ்ட்.

விளையாட்டாகப் போனை எடுத்துச் சுருதி பார்க்கும் ஆப்பில் பிடித்துப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டார் 100-லும் அதன் மடங்குகளிலும் ரீங்கரிக்கும். பையனின் முனகல் 200-ஐ ஒட்டி நின்றது. அதே சுருதி, ஒரு ஸ்தாயி மேலே. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சென்சரி ரூம் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வெளிச்சம், சத்தம், தொடுதல் மூன்றையும் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற அறை அது. ஜன்னலை அடைத்திருப்பார்கள். தரை முழுக்க மெத்தை. ஆளுயரத்துக்குக் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு குழாய், உள்ளே தண்ணீர், அதில் குமிழி குமிழியாகக் காற்று ஏறும், அதுதான் பபிள் டியூப். மடியில் அள்ளிப் போட்டுக்கொள்ளும்படி, நுனிகளில் ஒளி கசியும் ஃபைபர் இழைக் கற்றை ஒன்று. 1970-களில் நெதர்லாந்தில், டி ஹார்டன்பெர்க் என்ற பராமரிப்பு நிலையத்தில், யான் ஹுல்செகே, அட் ஃபெர்ஹூல் என்ற இருவர் அறிவுத்திறன் குறைபாடு அதிகம் உள்ளவர்களுக்காக இதை உருவாக்கினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'ஸ்னூசலன்'. மோந்து தேடுவதற்கும் கண் அயர்வதற்கும் டச்சு மொழியில் உள்ள இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த சொல். நாய்க்குட்டி புது வீட்டுக்கு வந்தால் என்ன செய்யுமோ அதுதான்: மூலை மூலையாக மோந்து பார்க்கும், பிடித்த இடம் கிடைத்ததும் சுருண்டுவிடும். நான் போட்ட காட்சியில் மோந்து பார்க்க நேரமும் இல்லை, சுருள இடமும் இல்லை.

மேடையில் லைட் போடுகிறவனுக்குக் கூட்டம் ஒரே உடம்பு. ஐந்தாயிரம் பேரில் பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டால் எனக்குத் தெரியப்போவதில்லை. இங்கே ஒரே ஒரு ஆள். அவன் கண்ணை மூடிக்கொண்டால் அரங்கமே காலி.

இசையை ஒளியாக்கும் ஆசை ரொம்பப் பழசு. நிறமாலையை ஏழு நிறமாகப் பிரித்த நியூட்டன், 1704-ல் வந்த தன் ஒளியியல் நூலில் அந்த ஏழையும் ஸ்வர இடைவெளிகளோடு பொருத்திக் காட்டினார். இருபது வருடம் கழித்து லூயி பெர்ட்ராண்ட் காஸ்டெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கட்டையை அழுத்தினால் நிறம் தெரியும்படி 'கண்ணுக்கான ஹார்ப்சிகார்ட்' ஒன்றுக்குத் திட்டம் போட்டார். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின், 'ப்ராமிதியஸ்' என்ற தன் இசைக்கோவையில் வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் எழுதுவதுபோல ஒளிக்கும் தனியாக ஒரு வரி எழுதி வைத்தார். 1911-ல் மாஸ்கோவில் முதல்முறை வாசித்தபோது ஒளியில்லாமலே வாசித்தார்கள். 1915-ல் நியூயார்க்கில்தான் அந்த வரிக்கு வெளிச்சம் கிடைத்தது.

எந்த ஸ்வரத்துக்கு எந்த நிறம் என்பதில் இந்தப் பெரியவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. மேற்கத்திய 'சி' ஸ்வரம் ஸ்க்ரியாபினுக்குச் சிவப்பு, அவர் நாட்டுக்காரர் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வெள்ளை. 'டி' மட்டும் இருவருக்கும் மஞ்சள். அதனால் நிறத்தை இசையிடம் ஒப்படைப்பதை நான் விட்டுவிட்டேன். நிறத்தை அறையில் இருப்பவர் தேர்ந்தெடுக்கட்டும். அந்தப் பையனுக்கு ஊதா. சிவப்பு என்றால் கையை உதறுவான். ஒளி எவ்வளவு எரியலாம், எவ்வளவு மெதுவாக நகரலாம் என்பது மட்டும் ஒலியின் பொறுப்பு.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் தாமஸ் வில்ஃப்ரெட். 1922-ல் நியூயார்க்கில் 'கிளாவிலக்ஸ்' என்ற கருவியை வாசித்துக் காட்டியவர். திரையில் ஒளி புகைபோல விரியும், மடியும், கரையும். ஒளிக்கு இசை துணை தேவையில்லை, அது தனிக் கலை என்று பிடிவாதமாக நின்று, அந்தக் கலைக்கு 'லூமியா' என்று பெயரும் வைத்தார். இசைக்கு ஒளி ஆட வேண்டும் என்று மற்றவர்களெல்லாம் சொன்னபோது ஆட வேண்டாம் என்று சொன்ன ஆள். இன்றைய சென்சரி ரூம் சுவரில் புரொஜெக்டர் காட்டும், மெதுவாக வழியும் எண்ணெய் வளையங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது, டிஸ்கோ ஞாபகம் வருவதில்லை.

என் ஞாபகத்தில் டிஸ்கோ மட்டும்தான் இருந்தது என்பதே பிரச்சினை. 1970-களில் டிஸ்கோக்களில் பாட்டுக்கு மின்னிய மூன்று பல்பு டப்பாவின் சூத்திரம் இன்றுவரை ஓடுகிறது: கனத்த ஒலிக்கு ஒரு பல்பு, நடு ஒலிக்கு ஒன்று, கூர்மையான ஒலிக்கு ஒன்று. அன்று மூன்று மின்சுற்று வடிகட்டிகள் செய்த வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியை நறுக்கி, அதில் 1,024 மாதிரிகளை ஒரு கைப்பிடியாக எடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று பிரிக்கிறது. ஒரு கைப்பிடி என்பது சுமார் 23 மில்லிநொடி. அதற்கு ஒரு விலை உண்டு. அவ்வளவு சின்னக் கைப்பிடியில் 43 ஹெர்ட்ஸுக்கு ஓர் அறை என்று அகலமாகத்தான் பிரிக்க முடியும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் கீழ் ஸ்தாயியில் ஒரே அறைக்குள் படுத்துக்கொள்ளும். இதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் இதுவே என் கழுத்தைப் பிடித்தது.

அந்த முதல் நாள் காட்சியில் நான் செய்த இன்னொரு தப்பு, பையன் திரும்பிக்கொண்டதைவிடப் பயங்கரமானது. தெரபிஸ்ட்தான் கேட்டார். "சார், இந்த ரூமுக்கு ஃபிட்ஸ் வர்ற பசங்களும் வருவாங்க. இது நொடிக்கு எத்தனை தடவை மின்னுது?"

என்னிடம் பதில் இல்லை. பாட்டு மின்னுகிற அளவுக்கு மின்னும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 120 தட்டு போகிற சாதாரணப் பாட்டு. தட்டுக்கு ஒரு மின்னல் என்றால் நொடிக்கு 2. தட்டைப் பாதியாக உடைத்தால் 4. கால் காலாக உடைத்து ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலை வாசித்தால் 8. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளே நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்கின்றன. ஒளியால் வலிப்பு தூண்டப்படுகிறவர்களுக்கு ஏறக்குறைய 3 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை ஆபத்தான எல்லை, அதிலும் அழுத்தமான சிவப்பு மோசம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' கார்ட்டூனில் சில நொடிகள் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். நானோ சிவப்பு விளக்கை டிரம்மின் கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் புரோகிராமில் கடைசி வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான். மேலே எந்தப் பாட்டு, என்ன தாளம் என்று அவனுக்குத் தெரியாது. ஒளி ஒரு நொடிக்குள் இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்பது மட்டும் தெரியும். அதைத் தாண்டிய எந்த ஆணையும் விளக்குக்குப் போகாது. பாட்டைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பேன் என்பதெல்லாம் பேச்சுக்கு நல்லது. ஒருநாள் வேறு யாரோ வேறு பாட்டைப் போடுவார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை எரிச்சலோடுதான் எழுதினேன். எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தபோது அறையின் குணமே மாறியிருந்தது. ஒலி எழுந்தால் ஒளி கால் நொடியில் ஏறுகிறது, ஒலி நின்றால் ஒன்றரை நொடி எடுத்து இறங்குகிறது. மூச்சு இழுத்து விடுவதுபோல. டிரம் அடியெல்லாம் அதில் கரைந்து, பாட்டின் எடுப்பும் தணிவும் மட்டும் மிச்சம். இறக்கத்தில் ஒரு சின்ன அசிங்கம் இருந்தது. விளக்குகளுக்கான டி.எம்.எக்ஸ் கட்டளையில் 0 முதல் 255 வரை 256 படிகள். மேடையில் அதுவே தாராளம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 3, 2, 1, 0 என்ற கடைசிப் படிகள் படிக்கட்டில் தடுக்கி விழுவதுபோல ஒவ்வொன்றாகத் தெரியும். அதற்காக இன்னும் நுணுக்கமான படிகள் உள்ள 16 பிட் விளக்குகள் வாங்க வேண்டியதாயிற்று. கண் பாதி வெளிச்சம் என்று எடுத்துக்கொள்வது உண்மையில் பாதியைவிட ரொம்பக் குறைவு என்பதால் கணக்கையும் வளைக்க வேண்டியிருந்தது. இருட்டாக்குவது இவ்வளவு கஷ்டம் என்று இருபது வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாட்டு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய பதிவுகளில் சத்தத்தை அமுக்கி அமுக்கி மேடு பள்ளமே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். காதுக்கு அது தெம்பாக இருக்கலாம். விளக்குக்குப் பார்த்தால் மூன்றரை நிமிடமும் முக்கால்வாசி எரிந்தபடி நிற்கும். தனிக் குரலில் ஒரு தாலாட்டு, இடையில் மூச்சு வாங்கும் இடங்களோடு, அந்த அறையில் செய்ததை எந்தப் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் செய்யவில்லை. வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் அறை இருளும். பிள்ளைகள் அந்த இருட்டைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். வரும் என்று தெரிந்த இருட்டு.

ஆனால் இதெல்லாம் நான் போடுகிற பாட்டு. அந்தப் பையனுக்கு என் பாட்டு எதுவும் வேண்டாம். அவனுக்குப் பாட்டு மோட்டார்தான்.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைத் தெரபிஸ்ட் அச்செடுத்துக் கொடுத்தார். 4 முதல் 12 வயது வரையிலான, ஆட்டிசம் உள்ள 41 குழந்தைகள். ஒரு தடவை சென்சரி ரூம் சாதனங்கள் அவர்கள் கைக்கு அடங்கும். ஒரு தடவை தானாக மாறும். தங்கள் கையில் இருந்தபோது கவனம் கூடியது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது. (இந்த அறைகள் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சாமான் விற்கிறவர்கள் சொல்வதை நம்பிவிட வேண்டாம். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இது உதவுகிறதா என்று பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுக்கு உறுதியாகச் சொல்லும்படி ஆதாரம் கிடைக்கவில்லை.) படித்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி. ஒளியை இசைக்குக் கட்டிப்போட்டேன் சரி, இசை யார் கையில் இருந்தது? என் லேப்டாப்பில்.

மைக் ஒன்றை வைத்தேன். பையன் முனகினால் பபிள் டியூப் ஊதாவாக எரிய வேண்டும். அவ்வளவுதான் யோசனை.

முதல் நாள் அவன் அறைக்குள் வருவதற்கு முன்பே ஊதா எரிந்துகொண்டிருந்தது. மோட்டார்! மைக்குக்கு மோட்டாரும் ஒரு பாடகன்தானே. போதாததற்கு, சத்தம் குறைவாக இருந்தால் தானே கூட்டிக்கொள்ளும் வசதியை நான் போட்டு வைத்திருந்தேன். அறை அமைதியாக இருக்க இருக்க அது மோட்டாரைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. யாருமில்லாத அறையில் பபிள் டியூப் தன் சத்தத்துக்குத் தானே எரிந்தது.

மோட்டாரின் 100, 200, 300 எல்லாவற்றையும் வடிகட்டியால் வெட்டினேன். விளக்கு அணைந்தது. பையன் வந்தான், முனகினான். விளக்கு எரியவில்லை. அவன் முனகுவதே மோட்டாரின் 200-ல் அல்லவா! மோட்டாரை வெட்டிய கத்தியால் அவனையும் வெட்டிவிட்டேன். சின்னக் கைப்பிடியில் அவனும் மோட்டாரும் ஒரே 43 ஹெர்ட்ஸ் அறைக்குள்தான் இருந்தார்கள். புரோகிராமுக்கு இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நீளமான காற்றுக் குழாய் போட்டு மோட்டாரைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிடலாம் என்றேன். மூன்று மீட்டர், ஒரு மணி நேர வேலை. தெரபிஸ்ட் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வெளிச்சம் சரியாக வருவதற்காக அவனுடைய பாட்டை அறையிலிருந்து எடுத்துவிடுவது.

கடைசியில் வழி எளிமையாகத்தான் இருந்தது. தானே கூட்டிக்கொள்ளும் வசதியைத் தூக்கி எறிந்தேன். அறை காலியாக இருக்கும்போது ஐந்து நொடி கேட்டு, அந்த மோட்டார் சத்தத்தையே பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு மேல் எழுவது மட்டும் ஒளி. வெளிச்சம் தாமதமாக வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதற்கு முன்பு ஒருமுறை புளூடூத் ஸ்பீக்கரை மாட்டியதில் பாட்டு கால் நொடிக்குக் கிட்டத்தில் பின்தங்கி, விளக்கு எரிந்த பிறகு சத்தம் வந்து, பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். நான்தான் செய்தேன் என்று கைக்குத் தெரிய வேண்டுமானால், செய்ததும் நடந்ததும் ஒரே மூச்சில் இருக்க வேண்டும்.

இதே அறைக்குக் காது கேளாத சிறுமி ஒருத்தியும் வருவாள். அவளுக்கு மைக் எதற்கு என்று கேட்காதீர்கள். டென்மார்க்கின் சிறப்புக் கல்வி நிபுணர் லில்லி நீல்சன் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஓரங்களில் கட்டை வைத்துத் தரையிலிருந்து தூக்கிய மெல்லிய பிளைவுட் பலகை ஒன்று இருக்கிறது. அதில் படுத்துக்கொண்டு எதைத் தட்டினாலும் பலகை முழுக்க அதிரும். அதன் அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வில்லை ஒன்றை ஒட்டினேன். குதிகாலால் ஓர் உதை உதைத்தாள், கூரை முழுக்க ஃபைபர் இழைகள் எரிந்தன. மேலே பார்த்தாள், குதிகாலைப் பார்த்தாள், மறுபடி உதைத்தாள். அவளுக்கு நான் அதற்கு மேல் எதையும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

பையனுக்கு வருகிறேன். முனகினான், டியூப் ஊதாவாக எரிந்தது. முனகலை நிறுத்தினான், அணைந்தது. ஏழெட்டு தடவை செய்து பார்த்தான். அவன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்ல ஃபிரிட்ஜ் ஓடினா அதோட சேர்ந்து இப்படித்தான் முனகுவான் சார். சும்மா இருடான்னு அதட்டுவேன்," என்றார், என்னிடமா தனக்கேவா என்று தெரியாத குரலில்.

அப்போதுதான் அந்தக் கோளாறைக் கவனித்தேன். அவன் ஒரே சீராக முனகும்போதும் ஒளி சீராக நிற்கவில்லை. லேசாகப் பெருத்தது, சுருங்கியது, பெருத்தது. வயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் ஹெட்போனில் கேட்டபோதுதான் உறைத்தது. இரண்டு தந்திகளைச் சுருதி சேர்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்சமே விலகிய இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 'வ்வோம்... வ்வோம்' என்று ஒரு விம்மல் கேட்கும். 200-க்கும் 201-க்கும் நடுவே நொடிக்கு ஒரு விம்மல். இரண்டும் நெருங்க நெருங்க விம்மல் நீளும், சேர்ந்துவிட்டால் நின்றுவிடும். என் கணக்கு பிரிக்க முடியாமல் ஒன்றாகப் போட்ட இரண்டு பேரும் உள்ளே உரசிக்கொண்டிருந்தார்கள். அது விளக்கில் தெரிந்தது.

அதை நான் சரிசெய்யவில்லை.

போன வாரம் போனபோது பையன் மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தான். முனகத் தொடங்கினான். டியூப் ஊதாவாக ஏறி, தளும்பியது. வேகமாக இரண்டு தளும்பல். அவன் குரலை எங்கேயோ ஒரு மயிரிழை இறக்கினான். தளும்பல் நீண்டது. ஒரு நொடி, இரண்டு நொடி. இன்னும் கொஞ்சம். மூன்று நாலு நொடிக்கு டியூப் அசையாமல் நின்றது. பிறகு மூச்சு தீர்ந்து, ஒளி தன் ஒன்றரை நொடியை எடுத்துக்கொண்டு அணைந்தது.

அவன் உருண்டு போய் டியூபின் அடிப்பக்கம், மோட்டார் இருக்கிற இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நீங்க கிளம்பறதுன்னா கிளம்புங்க சார்," என்றார் தெரபிஸ்ட் கிசுகிசுப்பாக.

லேப்டாப்பை மூடினேன். அதன் திரை வெளிச்சம் அவ்வளவு நேரமும் அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.